மறுமொழி: வுட்-கேன்வாஸ் கனூ: ‘கித்தான் போர்வை ஓடம்’ சரியாக வருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘வுட்-கேன்வாஸ் கனூ’வுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். கனூ என்றால் இரு முனையும் குறுகிய, துடுப்பால் செலுத்தும் லேசான படகு. மரக்கூட்டின் மேல் கித்தான் துணி போர்த்தியது இந்த வகை.

> “மர ஓடம் என்றே போட்டுவிடலாமே. மரத்தால் செய்ததுதானே?”

போடலாம்தான். ஆனால் அந்தப் பெயர் வேறொன்றுக்கு வேண்டியிருக்கிறது. கனடாவின் பீட்டர்பரோவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முழுக்க மரத்தாலேயே கனூ செய்தார்கள். பலகையோடு பலகை இறுக்கமாகப் பொருந்தும், மரமே தண்ணீரைத் தடுக்கும். ‘மர ஓடம்’ அதற்குத்தான் பொருத்தம். நாம் பெயர் தேடுவது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பெனாப்ஸ்காட் ஆற்றை ஒட்டிய ஊர்களில் வளர்ந்த வகைக்கு. அதில் தண்ணீரைத் தடுக்கும் வேலை மரத்துக்குக் கிடையாது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒன்டாரியோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், தன் அப்பா காலத்துக் கனூவுக்குத் துணி மாற்றினார். பழைய துணியை உரித்துவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் குனிந்து தலையை உள்ளே விட்டால், விளக்கு வெளிச்சம் பலகை இடுக்குகள் வழியே கோடு கோடாக விழுகிறது. செடார் மரப் பலகையின் தடிமன் நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதையா ஆற்றில் விட்டார்கள் என்று இருந்தது.

பிறகு அவர் செய்முறையை விளக்கினார். முதலில் கனூவின் வடிவத்தில் ஒரு கனத்த மர அச்சு. அதன் மேல் குறுக்கே இரும்புப் பட்டைகள் ஓடும். செடார் சட்டங்களை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அந்தப் பட்டைகளின் மேல் வளைத்துக் கட்டுவார்கள். நம் படகு ஆசாரிகள் ‘வங்கு’ என்று சொல்வது இந்தச் சட்டங்களைத்தான். வங்குகளின் மேல் மெல்லிய பலகைகளை வைத்துச் சின்னப் பித்தளை ஆணிகளால் அடிப்பார்கள். அப்புறம் அச்சிலிருந்து கழற்றி, முழு நீளக் கித்தானை இழுத்துப் போர்த்தி, நெசவின் கண்கள் அடைபடும்வரை ஒரு பசையைக் கையால் தேய்ப்பார்கள். அது காய மூன்று நாலு வாரம் ஆகும். கடைசியில் பெயின்ட்.

ஆக, வடிவம் மரத்தினுடையது, நீர்க்காப்பு துணியினுடையது. இரண்டில் ஒன்றை விட்டாலும் பெயர் தப்பாகிவிடும் என்பது என் எண்ணம்.

> “கித்தான் தோணி. சுருக்கமாக இருக்கிறது.”

கித்தானை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கித்தான் பை, கித்தான் கட்டில் என்று வீட்டில் புழங்கும் சொல் இருக்கும்போது ‘கேன்வாஸ்’ எதற்கு? ஆனால் ‘கித்தான் தோணி’ என்றதும் மடித்து வைக்கும் துணிப் படகோ, கித்தான் பாய் கட்டிய படகோதான் மனதில் வரும். தோணியிலும் சிக்கல் இருக்கிறது. தூத்துக்குடிக்காரரிடம் தோணி என்றால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகும் பெரிய மரக்கலம். வள்ளம் என்றால் குடைந்த மரம். ஓடம்தான் ஆற்றோடு நிற்கிறது. ‘ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்’ என்கிற பழமொழியும் துணைக்கு வருகிறது. வண்டியை ஏற்றும் ஓடம் பெரியதுதானே என்று கேட்பீர்கள், நியாயம்தான். இருந்தாலும் ஓடம் என்றால் சின்னது, லேசானது என்றுதான் இன்று காதில் விழுகிறது.

இனி நடுச்சொல்லான ‘போர்வை’. பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும் இடத்தில், பத்தர் என்கிற மரக் குடத்தின் மேல் இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்த தோலைப் ‘பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை’ என்கிறது. மரத்தாலான உடல், அதன் மேல் இழுத்துப் பொத்திய உறை. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது. நான் தருமபுரிக்காரன், ஒகேனக்கல் பரிசலைப் பார்த்து வளர்ந்தவன். மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு. அதுவும் போர்வைதான். ஆகவே ‘கித்தான் போர்வை ஓடம்’. பேச்சில் ‘போர்வை ஓடம்’ என்று சுருங்கினாலும் பொருள் கெடாது.

> “அப்படியானால் பிர்ச் மரத்தின் பட்டையில் செய்ததும் போர்வை ஓடம்தானே?”

இல்லை, இங்கே கவனம் வேண்டும். வட அமெரிக்கப் பழங்குடிகளான அல்கோன்குவியன் மக்கள் செய்த பட்டைக் கனூவில் வரிசையே தலைகீழ். முதலில் பட்டையைத் தரையில் விரித்து, உட்பக்கம் வெளியே தெரியும்படி மடக்கி, ஸ்புரூஸ் மர வேரால் தைப்பார்கள். வங்குகளை அதற்குள் கடைசியாகத்தான் இறுக்கித் திணிப்பார்கள். பட்டைதான் அங்கே உடல், அது பின்னால் போர்த்தியது அல்ல. ‘பட்டை ஓடம்’ போதும்.

மற்றவற்றுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 1945-இல் கிரம்மன் விமான நிறுவனம் செய்யத் தொடங்கியது அலுமினிய ஓடம். ராயலெக்ஸ் என்பது கனூ செய்யப் பயன்பட்ட ஒரு தகட்டின் வணிகப் பெயர், அப்படியே இருக்கட்டும். நடுவில் நுரை, இரு பக்கமும் கெட்டிப் பிளாஸ்டிக், அதன் மேல் வினைல் தோல் என்று அடுக்கிய தகடு அது. பாறையில் மோதி மடங்கினாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். 2014-இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. பொதுப்பெயர் வேண்டுமானால் ‘நுரையடுக்குத் தகடு’.

இரண்டு சின்னச் சொற்கள் பாக்கி. கித்தானில் தேய்க்கும் பசைக்கு ‘நிரப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘கலப்பற்று’ என்று இன்னொருவர். கலப்பற்று என்பது பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது. இந்த ஓடத்தில் அந்த வேலையே இல்லை, இடுக்குகள் திறந்தே கிடக்கின்றன. சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ‘பட்டி பார்க்கிறோம்’ என்கிறார்களே, அந்தப் பட்டிதான் இது. ஆளி விதை எண்ணெய், நைஸான சிலிக்கா மாவு, பழைய நாளில் ஈய வெள்ளையும் சேரும். ‘கித்தான் பட்டி’ என்று எழுதுவோம்.

அடுத்தது அந்தப் பித்தளை ஆணி. வெளியிலிருந்து அடித்தால், பலகையையும் வங்கையும் துளைத்து, அச்சின் இரும்புப் பட்டையில் முட்டி, நுனி தூண்டில் முள் மாதிரி திரும்பி மரத்துக்குள்ளேயே ஏறிக்கொள்கிறது. பெரியவர் ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். இத்தனை வருடம் கழித்தும் வளைவு நிமிரவில்லை. தச்சர்கள் ‘ஆணியை மடக்கி அடி’ என்பார்கள். அதை வைத்து ‘மடக்காணி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நாகப்பட்டினம் பக்கத்து ஆசாரிகளிடம் இதற்கு வேறு சொல் இருந்தால் கேட்டு அனுப்புங்கள், என்னுடையதை எடுத்துவிட்டு அதைப் போடுகிறேன்.

அன்புடன்