கணக்கில் 41 புக்கிங், கொப்பியில் 26

திருகோணமலை உப்புவெளியில் மச்சான் நடத்தும் கெஸ்ட் ஹவுசுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். போன சீசனில், ஜூலைக் கடைசியில் போன் எடுத்தார்: "உன்ர கணக்கு 41 புக்கிங் எண்டு காட்டுது, என்ர கொப்பியில 26தான். மிச்சம் 15 பேரும் புறாத்தீவிலயா நிக்கினம்?"

புக்கிங் முடிந்ததும் வரும் 'நன்றி' பக்கத்தில் ஜிடேக் நிரலை, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் கணக்குக்குத் தகவல் அனுப்பும் நிரலை, வைத்திருந்தேன். பக்கம் திறந்தால் ஒரு கன்வர்ஷன், அதாவது ஒரு புக்கிங் என்று கணக்கில் ஏறும். எத்தனை முறை பார்த்தும் பிழை பிடிபடவில்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது விளங்கியது. வந்திறங்குகிறவர்கள் போனில் அதே 'நன்றி' பக்கத்தைத் திறந்துதான் புக்கிங் எண்ணைக் காட்டுகிறார்கள்! பழைய டேப் திரும்ப லோட் ஆகிறது, கணக்கில் ஒன்று ஏறுகிறது.

நிரலை அங்கிருந்து எடுத்து, சேர்வர் 'பதிந்தாயிற்று' என்று பதில் தரும் இடத்தில் வைத்தேன். புக்கிங் எண்ணை ட்ரான்சாக்ஷன் ஐடியாகவும் (ஒவ்வொரு புக்கிங்குக்கும் தனி அடையாளம்) அனுப்பினேன். அதே ஆளிடமிருந்து அதே எண் மறுபடி வந்தால் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 அந்த பர்ச்சேஸை, நமக்கு புக்கிங்கை, இரண்டாம் தடவை எண்ணாது. ஆனால் ஐடியை வெறுமையாக அனுப்பிவிடாதீர்கள். வெற்று ஐடியோடு வருவதையெல்லாம் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பட்டுத்தான் படித்தேன்.

*

உங்கள் கணக்கு கூட்டிக் காட்டியது அண்ணா, என்னுடையது நேர்மாறு, குறைத்துக் காட்டியது. நிலாவெளியில் படகு விடுகிற ஒருவரின் பக்கத்தில் வாட்ஸ்அப் பட்டன். அழுத்தியதும் பிரவுசரின் ஃபெட்ச் கட்டளை வழியாக என் சேர்வருக்கு ஒரு தகவல் போகும், உடனே வாட்ஸ்அப் திறக்கும். வீட்டு வைஃபையில் எல்லாம் சரி. கடற்கரையில் சிக்னல் இழுபடும்போது, தகவல் போய்ச் சேருமுன் பக்கம் மாறிவிடும், பிரவுசர் அதை வெட்டிவிடும். செண்ட்பீக்கன் என்ற கட்டளைக்கு மாற்றினேன், பக்கம் போன பிறகும் பிரவுசர் பின்னால் அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் இருந்த நேரத்தை அளக்க அன்லோடை, அதாவது பக்கம் மூடும்போது வரும் அறிவிப்பை, நம்பியிருந்ததையும் விட்டேன். போனில் அது பல நேரம் ஓடுவதே இல்லை, பக்கம் திரையிலிருந்து மறையும்போது வரும் விசிபிலிட்டிசேஞ்ச்தான் கைகொடுக்கிறது.

*

ஐபோன்காரர்களையும் கவனியுங்கள் தம்பிமார். ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீயை (வந்த ஆளை நினைவில் வைக்கும் சிறு பதிவு) சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். மே மாத சீசனுக்கு மார்ச்சில் பார்த்துவிட்டு ஏப்ரலில் புக் பண்ணும் வெளிநாட்டுக்காரர், கணக்கில் புது ஆள்தான். எந்த விளம்பரம் அவரைக் கொண்டுவந்தது என்பதும் அதோடு போச்சு. அதனால் புக்கிங் படிவத்திலேயே 'எங்களை எப்படி அறிந்தீர்கள்' என்று ஒரு கேள்வி சேர்த்துவிட்டேன்.

*

மச்சானிடம் அந்தப் படிவக் கேள்வியையும் சொன்னேன். அதற்கும் கொப்பியில் ஒரு கோடு போட்டுவிட்டார்.