நிற்கிற வேலை

(குழு: நம்ம வீடு, சங்கரன்கோவில். இரவு 11:20)

நான்: இப்போதுதான் ரூமுக்கு வந்தேன். யாராவது முழித்திருக்கிறீர்களா?

அம்மா: முழித்துத்தான் இருக்கிறேன்மா. சாப்பிட்டாயா? நாலு நாளாக ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் போடுகிறாய், எனக்கு மனசே சரியில்லை.

நான்: இனி மறைக்கவில்லைம்மா. மாமாவிடம் சொன்ன வேலை இது இல்லை. இந்தச் சென்னை ஜவுளிக்கடையில் காலை 9 மணிக்குச் சேலை மாடிக்கு ஏறினால் இரவு பத்தரைக்குத்தான் இறங்குகிறோம். அதுவரை நின்றுகொண்டேதான். ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. ரேக்கில் சாய்ந்தால் கேமராவில் பார்த்து 50 ரூபாய் பிடிக்கிறார்கள். பாத்ரூம் போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும். இன்று ஒரு குடும்பம் அறுபது பட்டு பிரித்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் போனார்கள். அவர்களைச் சொல்லவில்லை, கல்யாணச் சேலை, மனசுக்குப் பிடிக்க வேண்டும். ஆனால் அறுபதையும் பழைய மடிப்பிலேயே மடித்து, முந்தி வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி முடிப்பதற்குள் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

சித்தி: கணுக்காலை விரலால் அழுத்திப் பார்.

நான்: குழி விழுகிறது சித்தி. விரலை எடுத்த பிறகும் அப்படியே கிடக்கிறது.

சித்தி: மதுரைக் கடையில் எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு வருஷம் பொறுத்தேன். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய். காலுக்குத் தலையணை வைத்துப் படு.

அப்பா: பத்து நாள் பாரும்மா. போகப் போகப் பழகிவிடும்.

அண்ணன்: இது பழகுகிற விஷயம் இல்லைப்பா. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே நம் சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 10. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பாப்பா, மார்க் ஷீட் உன்னிடம்தானே இருக்கிறது?

நான்: இல்லைண்ணா. சேர்ந்த அன்றே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் முடிந்தால்தான் தருவார்களாம்.

மாமா: இலவசச் சாப்பாடு, தங்குமிடம், மாதம் 15,000 என்றார்கள். விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பும்மா. நாளைக்கே பொதிகை ரயிலில் ஏறுகிறேன்.

நான்: சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் 4,500 பிடிப்பார்களாம். நீங்கள் வருத்தப்படாதீர்கள் மாமா, உங்களிடமும் பொய்தானே சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன்: சர்டிபிகேட் தர மறுத்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிடலாம் மாமா.

அப்பா: நானும் வருகிறேன். பழகிவிடும் என்று சொன்னதை மனதில் வைக்காதேம்மா.

நான்: அப்பா, பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை. பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் 20,000 அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள் என்று வாயே திறப்பதில்லை. ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள். அவளை விட்டுவிட்டு எப்படி வருவேன்?

அண்ணன்: முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவைப்பது 1976-லிருந்தே கொத்தடிமைச் சட்டப்படி குற்றம். அவள் பயப்பட வேண்டாம் என்று சொல்.

மாமா: இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்கிறேன். அவள் அம்மா நம்பரை வாங்கி எனக்குத் தனியாக அனுப்பும்மா.

நான்: சரி மாமா.

சித்தி: தலையணை வைத்தாயா?

நான்: இங்கே தலையணை இல்லை சித்தி. பெட்டி மேல் காலை வைத்திருக்கிறேன்.