புதுப்பிப்பு: தாடை அறுவைக்கு முன் சிபிசிடி, ஒரு திருத்தம்

கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் அறுவைக்கு ஓபிஜி (முழுத் தாடையும் தெரியும் தட்டையான எக்ஸ்ரே) மட்டும் போதாது, சிபிசிடியும் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) எடுங்கள் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். "அதில் நரம்பு தெரியும்" என்றும் சொல்லியிருந்தேன். அது தவறு. தெரிவது, கீழுதடுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடும் எலும்புக் குழாய்தான். நாக்கு நரம்பு மென்திசுவில் போவதால் சிபிசிடியில் தெரியாது.

அடுத்து, படத்தில் எதைப் பார்ப்பது? இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் குறுக்குவெட்டுப் படங்களைக் கேளுங்கள். குழாய்க்கும் கன்னப்பக்க எலும்புச் சுவருக்கும் நடுவே எவ்வளவு மஜ்ஜை இருக்கிறது என்பதே முக்கியம். 1 மி.மீ.கூட இல்லை, அல்லது குழாய் சுவரைத் தொட்டே ஓடுகிறது என்றால், பிளக்கும்போது நரம்பு வெளித்துண்டோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். அதைப் பிரித்தெடுக்கையில் நசுங்கினாலோ இழுபட்டாலோ கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். முன்பே தெரிந்தால் மருத்துவர் வெட்டின் ஆழத்தைக் குறைத்து, உளியை வெளிச்சுவரை ஒட்டியே செலுத்துவார். இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள், ஒன்றுபோல் இருக்காது.

வோக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்) அளவு 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. எடுக்கும்போது எச்சில்கூட விழுங்காதீர்கள், தலை அசைந்தால் குழாயின் மெல்லிய கோடு இரட்டையாகிவிடும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தாடையை நகர்த்தும்போது நரம்பு கொஞ்சம் இழுபடும். அதனால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, அறுவைக்கு முன்பே உதட்டிலும் முகவாயிலும் பஞ்சால் தொட்டு உணர்வைச் சோதித்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.