‘முகக்கவசம்’ வேண்டாம், ‘முகமறை’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வில்லால் சூடேறிய வாயுவைப் பாய்ச்சி இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா வேலையின்போது முகத்தில் அணியும் காப்புக்கு ‘முகக்கவசம்’ என்ற சொல்லே போதும், பழகிய சொல் இருக்கும்போது புதியது எதற்கு என்று கோலாலம்பூர் நண்பர் கேட்டிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரணம் என் பட்டறையிலேயே நடந்தது.

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் இரும்புக் கதவும் கிராதியும் செய்கிறோம். பிளாஸ்மா இயந்திரம் வாங்கியபோது தமிழில் ஒரு பலகை எழுதிச் சுவரில் மாட்டினேன்: ‘முகக்கவசம் இல்லாமல் வெட்டாதீர்’. இராமநாதபுரத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் அதைப் படித்தான். படித்தபடியே செய்தான். சட்டைப்பையிலிருந்த துணி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியோடு அரை மணி நேரம் தகடு வெட்டினான். சரக்கு எடுக்க நான் பட்டர்வொர்த் போயிருந்த நேரம் அது. நள்ளிரவில் தொலைபேசி வந்தது. “அண்ணே, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது, திறக்கவே முடியவில்லை” என்றான். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுட்டால் வலி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வரும். இரண்டு நாளில் குணமாகிவிட்டது. ஆனால் பலகையில் எழுதியிருந்ததை அவன் மீறவே இல்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

2020க்குப் பிறகு முகக்கவசம் என்றால் மூக்கையும் வாயையும் மூடும் துணிதான். அந்தச் சொல்லை இனித் திரும்ப வாங்க முடியாது. மலாயில் இந்தக் குழப்பம் இல்லை. துணிக்குப் ‘பெலித்துப் மூக்கா’ என்ற சொல்லைப் பெருந்தொற்றுக் காலத்திலேயே நிலைப்படுத்திவிட்டார்கள். முகத்துக்கு முன் நிற்கும் தகடு ‘பெலின்டோங் மூக்கா’. (மூக்கா என்பது நம் மூக்கு அன்று, முகம், சமஸ்கிருதத்தின் ‘முக’ அங்கே போய்ச் சேர்ந்தது.) அவர்கள் இரண்டாகப் பிரித்ததை நாம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒளி, தீப்பொறி, புகை மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்பினாலும் மூன்றையும் ஒரே பொருள் தடுக்காது. துத்தநாகம் பூசிய தகட்டை வெட்டினால் வரும் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். அதை எந்த முகத்தகடும் தடுக்காது. அதற்கு மூச்சு வடிகட்டி வேண்டும், புகையை உறிஞ்சி வெளியேற்றவும் வேண்டும். சாணை பிடிக்கப் போடுகிற தெளிந்த பாலிகார்பனேட் தகடு பொறியைத் தடுக்கும், புற ஊதாக் கதிரையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆனால் கண் கூசும் ஒளியை அப்படியே உள்ளே விடும். ஆகவே பெயரே ஆளுக்குச் சரியான பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

என் முன்மொழிவு ‘முகமறை’. சங்கப் பாட்டில் கவசத்துக்கு ‘மெய்ம்மறை’ என்று பெயர். மெய்யை மறைத்துக் காப்பது மெய்ம்மறை என்றால் முகத்தை மறைத்துக் காப்பது முகமறை. முக்காடுபோல ஒலிக்கிறது என்று ஈப்போ அக்கா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மெய்ம்மறை அணிந்தவன் பிறர் கண்ணுக்கு ஒளியவில்லை, வேலுக்குத்தான் ஒளிந்தான். அந்தப் பொருளில்தான் இங்கும் ‘மறை’ வருகிறது. ‘முகக்கேடயம்’ எனக்குப் பிடித்த சொல்தான். கையில் பிடித்துக்கொண்டு பற்றவைக்கும் பழைய தகட்டுக்கு அது அச்சாகப் பொருந்தும், அதற்கே விட்டுவிடலாம். தெளிந்ததைத் ‘தெளிமுகமறை’ என்றும் கருங்கண்ணாடி வைத்ததைக் ‘கருமுகமறை’ என்றும் பிரித்தால் பட்டறையில் கேட்டு வாங்க எளிது. பிளாஸ்மா அப்படியே இருக்கட்டும். அதையும் தமிழாக்கப் போனால் இயந்திரத்தின் மேல் எழுதியிருப்பதோடு ஒட்டாது.

அடுத்தது கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்று காட்டும் எண். ‘நிழல் எண்’ என்பது ஆங்கிலத்தின் ‘ஷேட் நம்பரை’ச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. கண்ணாடி நிழல் தருவதில்லை. பட்டறையில் ‘எட்டாம் நம்பர் கண்ணாடி’ என்றுதான் கேட்கிறார்கள். எண்ணை அப்படியே வைத்து ‘கருமை எண்’ என்போம். இது வெறும் சொல்லாசை இல்லை. அமெரிக்கப் பற்றவைப்புக் கழகத்தின் அட்டவணைப்படி பிளாஸ்மா வெட்டுக்கு 20 முதல் 40 ஆம்பியர் வரை கருமை எண் 5, 40 முதல் 60 வரை 6, 60 முதல் 80 வரை 8. 300 ஆம்பியரைத் தாண்டினால் குறைந்தது 9. நம் சிறு பட்டறைகளில் பெரும்பாலும் 60க்குக் கீழேதான் ஓட்டுகிறோம். பற்றவைக்கும் 11ஆம் எண் முகமூடியையே வெட்டவும் போட்டுக்கொண்டால் குறித்த கோடு தெரியாது. தெரியாவிட்டால் ஆள் என்ன செய்வான்? முகமூடியை மேலே தூக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்ப்பான். கருமை கூடினால் காப்பும் கூடும் என்ற நினைப்பு எங்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒளி பட்டதும் தானே கருக்கும் வகை வாங்குகிறவர்களும், 9க்குக் கீழே இறங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

முகமறைக்கு உள்ளே பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேண்டும். முகமறையைத் தூக்கும் நொடியில்தான் பொறி தெறிக்கிறது.

பலகையைக் கழற்றிவிட்டேன். புதியதில் எழுத நினைத்திருப்பது: ‘பிளாஸ்மா வெட்டுக்குக் கருமுகமறை, கருமை எண் 6. மூச்சு வடிகட்டி தனியாக.’ எங்கள் இயந்திரம் 45 ஆம்பியர். இந்த வரியை முன்கூட்டியே காட்டினேன், படித்ததும் அந்தத் தம்பி கருமுகமறையைக் கையில் எடுத்தான், விளக்கம் கேட்கவில்லை. சனிக்கிழமை பெயின்ட் அடிக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.