புதுப்பிப்பு: ஹூண்டாய் i10-இல் பெல்ட்டா, செயினா?

‘i10 என்றாலே டைமிங் செயின்’ என்று முந்தைய இழையில் எழுதியது பாதிதான் சரி. எஞ்சினின் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்து, நேரம் தவறாமல் சுழல வைப்பதுதான் டைமிங் செயின் அல்லது பெல்ட். 2008-இல் வந்த 1.2 கப்பா எஞ்சினில்தான் செயின். 1.1 எப்சிலான் எஞ்சினில், 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோவைப் போலவே, ரப்பர் பெல்ட்.

அது அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் மேல் கவரைக் கழற்றிப் பெல்ட்டைப் பாருங்கள். பல்லின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல், எண்ணெய்ப் பிசுக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிசுக்கு இருந்தால், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் கேம், கிராங்க் ஆயில் சீல்களும் சேர்த்து. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண் மிச்சம்.

செயினுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆயில் மாற்றாமல் ஓட்டினால் அதுவும் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடக்கும்.