நின்றால் கொதிக்கிறது, ஓடினால் தணிகிறது

ராயபுரம்:
பௌர்ணமியன்று அம்மாவைக் காரில் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காசிமேட்டைத் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. அரை மணி நேரத்தில் கார் நூறு அடிகூட நகரவில்லை. வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கியது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்தது. அம்மா முந்தானையால் விசிறியபடி பொறுத்துக்கொண்டார். முள் சற்று இறங்கிய பிறகுதான் ஓரங்கட்ட இடம் கிடைத்தது.

மறுநாள் ஒரு மெக்கானிக், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார். எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் மூடும் தகடு அது; போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் உள்ளே கசியும். எனக்கு மனம் ஒப்பவில்லை. விடியற்காலையில் மீஞ்சூர் வரை போய்வந்தால் முள் நடுவிலேயே நிற்கிறது. கூலன்ட் குறையவில்லை, வெள்ளைப் புகை இல்லை, ஆயிலும் பால்போல் வெளுக்கவில்லை. கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாவது தெரியும் அல்லவா?

தண்டையார்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "தம்பி, வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். முதலில் அதைப் பார்ப்போம்" என்றார். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் ஏறியது, ஃபேன் சுற்றவில்லை. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் சுற்றியாக வேண்டும், அதற்கும் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர்களை இழுத்து மோட்டாருக்குக் கொடுத்தார். விர்ரென்று சுற்றியது! அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது. பியூஸும் சரி. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவை, ஹாரனுக்குரிய அதே வகை ரிலேவுடன் மாற்றிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால், அந்த முனை பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. பத்து ஆண்டுகளாகக் கடற்கரை ஓரத் தெருவில் நிற்கும் வண்டி, உப்புக்காற்று தின்றிருக்கிறது. சுரண்டித் துடைத்து, புது முனை போட்டு, கிரீஸ் தடவினார். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அடைத்திருந்த தூசியையும் மெல்லிய நீரால் உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினார். மூன்று மாதமாகிறது. அதே சாலையில், அதே லாரிகளுக்கு நடுவில் முள் அசையவே இல்லை. எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

மணலி:
அண்ணா, என் கார் நெரிசலில் மட்டுமல்ல, மூலக்கடை மேம்பாலம் ஏறும்போதும் சூடேறியது. ஃபேன் ஒழுங்காகச் சுற்றியது. காரணம் தண்ணீர். கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டு போர்வெல் நீரை ஊற்றியிருக்கிறேன். மீஞ்சூர்ப் பக்கமெல்லாம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்த பூமி அல்லவா! குழாய்களில் உப்புப் படிந்து, ரேடியேட்டரின் மேல்பாதி கொதிக்கக் கீழ்பாதி வெதுவெதுப்பாகவே இருந்தது. ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்; குழாய் நீர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

வியாசர்பாடி:
என் தம்பி சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டான். மூடிக்குள் அழுத்தம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். திறந்த நொடியில் நீராவியாகச் சீறி எழுந்து முழங்கை வரை வெந்துவிட்டது. துணியைப் போட்டுத்தான் திறந்தான். ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம், "திறப்பதற்கு முன் பத்து நிமிடம் காத்திருந்தேனே அண்ணா" என்று அழுதுகொண்டே வந்தான்.