புது ஆல்டர்னேட்டர் மாட்டியும் சார்ஜ் ஏறலை

உபி வேன்: 12 வோல்ட் டீசல் வேன்ல புது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்றது) மாட்டினேன். பேட்டரிக்கு கரண்ட் போற பி போல்ட்டோட, எல் (பேட்டரி விளக்கு), ஐஜி (சாவி), எஸ் (பேட்டரி வோல்டேஜைப் பாக்கறது)னு மூணு பின் பிளக். சாவி ஆன் பண்ணா பேட்டரி விளக்கு எரியலை. இன்ஜின் ஓடும்போது 12.3 வோல்ட்தான்.

ஒயர்மேன்: எல் பின்னைப் பாருங்க. பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன்ல வச்சு, வண்டிப் பக்கத்து எல் ஒயரை எர்த்தில் தொடுங்க. விளக்கு எரிஞ்சா ஒயர் சரி. கோளாறு பின் காண்டாக்ட்லயோ, ரெகுலேட்டர்லயோ (வோல்டேஜைக் கட்டுப்படுத்தறது) இருக்கும். எரியலைன்னா பல்ப், ஃபியூஸ், ஒயரைப் பாருங்க. எஸ்ல எப்பவும் 12 வோல்ட் இருக்கும், அதை எர்த்தில் தொட்டா ஃபியூஸ் காலி. ஐஜிக்கு சாவி ஆன்லதான் 12 வரும்.

காக்கி புக்கிட்: சார்ஜ் ஏறினதும் லோடு போட்டு அளங்க. ஹெட்லைட், ஏர்கான் ஆன், இன்ஜின் 2000 ஆர்பிஎம். பி போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்சுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா கேபிள் முனையைச் சுரண்டுங்க. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றிப் பாக்காதீங்க, வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் உள்ளே இருக்கிற டயோடு போயிடும்.

உபி வேன்: எர்த்தில் தொட்டதும் விளக்கு எரிஞ்சது. எல் பின் பச்சை பூத்து உள்ளே போயிருந்தது. இழுத்து மாட்டினேன், ஐட்லிங்ல 14.2 வோல்ட், சார்ஜ் ஏறுது.